எந்தச் சாப்பாடு ஒத்துவரவில்லை? வரிசை தப்பாமல் கண்டுபிடிக்கும் முறை

இரண்டு வருடத்துக்கு முன் மாரி மழையில் எங்கள் கிணற்றுக்குள் தெருவெள்ளம் இறங்கியது. அந்தக் கிழமையே வீட்டில் நாலு பேருக்கும் வயிற்றோட்டம். மற்ற மூன்று பேரும் ஐந்து நாளில் எழும்பி நடமாட, எனக்கு மட்டும் வயிறு பழைய நிலைக்கு வரவே இல்லை. பால் தேத்தண்ணி குடித்தால் கலக்கம், பாண் சாப்பிட்டால் பொருமல், பருப்புக்கறி சாப்பிட்ட இரவு நித்திரை இல்லை. ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே போய்க் கடைசியில் சோறு, உருளைக்கிழங்கு, சொதி என்று வந்து நின்றேன். உடம்பில் ஆறு கிலோ குறைந்தது, பொருமல் குறையவில்லை.

அதற்குப் பிறகுதான் இதைச் சரியான வரிசையில் செய்யப் பழகினேன். தங்கச்சி, மச்சாள், பக்கத்து வீட்டு அன்ரி என்று ஏழெட்டுப் பேரோடு கூட இருந்து செய்தும் பார்த்துவிட்டேன். எல்லாரும் தடக்குப்படுவது அதே மூன்று இடங்களில்தான்: சோதனை செய்யமுன் சாப்பாட்டை நிறுத்துவது, ஒரே நாளில் ஐந்து விஷயத்தை மாற்றுவது, நிறுத்தியதைத் திருப்பிச் சாப்பிட்டுப் பார்க்காமலே விட்டுவிடுவது. அதனால் கீழே உள்ள படிகளை முன்பின்னாக மாற்றாதீர்கள்.

முன்கூட்டியே தேவைப்படுபவை அதிகமில்லை. ஒரு சீ.ஆர். கொப்பி, அளக்க எப்போதும் ஒரே கோப்பையும் ஒரே கரண்டியும், மூன்று மாதப் பொறுமை. வீட்டில் சமைப்பவர் வேறு ஆள் என்றால் தொடங்கமுன் அவரோடு உட்கார்ந்து கதையுங்கள், ஏனென்றால் "கொஞ்சம் உள்ளிதானே" என்று அன்பில் போடும் ஒரு கை நாலு கிழமை வேலையைக் குழப்பிவிடும். சிறுபிள்ளைகள், கர்ப்பிணிகள், இன்சுலின் போடுபவர்கள், ஏற்கனவே எடை மெலிந்தவர்கள், சாப்பாட்டைக் கண்டால் பயம் வரும் நிலையில் இருப்பவர்கள் 5ஆம் படிக்கு மேல் தனியாகப் போக வேண்டாம். கிளினிக்கில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

1. "ஒத்துவரவில்லை" என்பதற்குள் இருக்கும் நாலு விஷயங்கள்

முதலாவது, பற்றீரியாவின் வேலை. நம் உடம்பில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பற்றீரியாக்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள், பெரும்பங்கு பெருங்குடலில். சிறுகுடலால் செமிக்க முடியாத சர்க்கரையும் நாரும் கீழே போய்ச் சேர, இவை அதைப் புளிக்கவைத்து வாயுவாக்குகின்றன, அந்தச் சர்க்கரை கூடவே தண்ணீரையும் குடலுக்குள் இழுக்கிறது. இது எல்லார் வயிற்றிலும் தினமும் நடப்பது, நோய் இல்லை.

இரண்டாவது, அழற்சி. குடலில் தொற்று வந்தால் உட்சுவரின் மேற்பரப்பு சேதமாகும். பாற்சர்க்கரையைச் செமிக்கவைக்கும் லாக்டேஸ் நொதியம் அந்த மேற்பரப்பின் நுனியில் இருப்பதால் முதலில் போவது அதுதான். சுவர் ஆறினால் பல கிழமைகளில் அது திரும்பி வரும். இதோடு சுவருக்குள் இருக்கும் மாஸ்ட் கலங்கள் என்ற எதிர்ப்புக் கலங்கள் உசாராகி, பக்கத்து நரம்புகளைத் தூண்டி, முன்பு உணராத சிறு வாயுவைக்கூட நோவாக உணரவைக்கும். குடல் தொற்று வந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இந்த நிலை மாதக்கணக்கில் நீளும்.

பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் நேச்சர் இதழில் எழுதியதை வாசித்தபோது என் வயிற்றின் கதையே போல இருந்தது. எலிகளுக்குக் குடல் தொற்று இருந்த நேரத்தில் முட்டை வெள்ளைக்கருப் புரதத்தைக் கொடுத்திருக்கிறார்கள். தொற்று மாறிய பிறகும் அந்தப் புரதத்தைக் கொடுத்தால் குடல் நொந்தது. அந்தப் புரதத்துக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருள் குடற்சுவரில் மட்டும்தான் இருந்தது. பிறகு குடல் எரிச்சல் நோயுள்ள 12 பேரின் குடற்சுவரில் கோதுமை, சோயா, பால் போன்றவற்றை ஊசியால் ஏற்றிப் பார்க்க, 12 பேருக்கும் ஏதாவது ஒன்றுக்காவது அந்த இடம் தடித்திருக்கிறது.

மூன்றாவது, உண்மையான ஒவ்வாமை. சாப்பிட்டுச் சில நிமிடத்திலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் தோல் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிழுப்பு. நாலாவது, சாப்பாட்டிலேயே உருவாகிவிட்ட நச்சு. மீன் தின்னும் எங்கள் ஊருக்கு இது முக்கியம், அதற்குத் தனிப்படி வைத்திருக்கிறேன்.

இந்த நாலையும் பிரித்துப் பார்க்காவிட்டால் ஒன்றுக்குச் செய்ய வேண்டியதை இன்னொன்றுக்குச் செய்வீர்கள். முதலாவதில் அளவைக் குறைத்தால் போதும். இரண்டாவதில் குடலை ஆறவிட வேண்டும். மூன்றாவதில் ஒரு துளியும் ஆகாது.

2. சாப்பாட்டில் கைவைக்கமுன் சோதனைகளை முடியுங்கள்

மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, நித்திரையை எழுப்பும் வயிற்றோட்டம், விடாத காய்ச்சல், இரத்தச்சோகை, விழுங்கக் கஷ்டம், நெருங்கிய சொந்தத்தில் குடற்புற்று, ஐம்பது வயதுக்குப் பிறகு புதிதாக வந்த மாற்றம், இதில் ஒன்று இருந்தாலும் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு டொக்டரிடம் போங்கள். திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காசில்லாமல் காட்டலாம். உதடோ தொண்டையோ வீங்கியிருந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். அந்தச் சாப்பாட்டை வீட்டில் மறுபடி "சோதித்து" பார்க்கவே கூடாது.

கோதுமையைச் சந்தேகிப்பவர்கள் சீலியாக் நோய்க்கான (கோதுமையின் குளூட்டன் என்ற புரதத்தால் குடற்சுவர் சேதமாகும் நோய்) டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. இரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். வட இந்தியாவை விடத் தென்பக்கத்தில் இந்த நோய் குறைவு, ஆனாலும் இல்லாமல் இல்லை. இந்தச் சோதனைக்கு முன் ஆறு கிழமையாவது தினமும் கோதுமை சாப்பிட்டிருக்க வேண்டும். முன்பே பாணை நிறுத்தியிருந்தால் எதிர்ப்பொருள் இறங்கி, நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். என் தங்கச்சி மூன்று மாதம் கோதுமையை விட்டுவிட்டுத்தான் சோதனைக்குப் போனாள். திரும்பவும் ஆறு கிழமை பாணும் ரொட்டியும் சாப்பிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டி வந்தது. அந்த ஆறு கிழமையை நினைத்தால் இன்னும் மனம் கஷ்டப்படும், அதனால்தான் இந்தப் படியை முன்னுக்கு வைத்திருக்கிறேன்.

மலத்தில் கல்ப்ரொடெக்டின் பார்ப்பது இன்னொன்று. குடலில் வெள்ளணுக்கள் வந்து குவிந்தால் இந்தப் புரதம் ஏறும். ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழ் என்றால் புண்ணாகும் அளவு அழற்சி நோய் இருக்கும் சாத்தியம் குறைவு. நோ மாத்திரை குடித்த காலத்தில் செய்தால் சும்மாவே ஏறிக் காட்டும், ஆகவே குடித்திருந்தால் சொல்லிவிடுங்கள்.

காசைக் கொட்டக் கூடாத சோதனையும் இருக்கிறது. நூறு சாப்பாட்டுக்கு ஐ.ஜி.ஜி. எதிர்ப்பொருள் பார்த்து நீளமான பட்டியல் தருவார்கள். அந்த எதிர்ப்பொருள் நீங்கள் அதைச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான் காட்டும். ஒவ்வாமை மருத்துவச் சங்கங்கள் இதைப் பரிந்துரைப்பதில்லை. தினமும் சோறு தின்பவருக்கு அரிசி "ஆகாது" என்று வந்தால் வியப்படைய ஒன்றுமில்லை.

3. குடிக்கும் மருந்துகளைப் பாருங்கள்

சாப்பாட்டில் பழி விழும் இடங்களில் பாதி மருந்துகளுக்குரியது என்பது என் அனுபவம். நீரிழிவுக்குக் குடிக்கும் மெட்ஃபோமின் வயிற்றோட்டமும் பொருமலும் தரக்கூடியது. பக்கத்து வீட்டு அன்ரி ஒரு வருடமாகக் கத்தரிக்காயைக் குற்றஞ்சாட்டிக்கொண்டிருந்தார், கொப்பியில் எழுதிப் பார்க்க, கலக்கம் தொடங்கியது மாத்திரையின் அளவு கூட்டிய மாதத்தில். டொக்டர் மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றிக் கொடுத்தார், பத்து நாளில் அடங்கிவிட்டது.

முழங்கால் நோவுக்கு டைக்லோஃபெனாக், தலையிடிக்கு ஐபுபுரூஃபன் என்று அடிக்கடி போடுபவர்களுக்குச் சிறுகுடல் சுவரே புண்ணாகலாம். அன்டிபயாட்டிக் குடித்தால் கெட்டதோடு நல்ல பற்றீரியாவும் சாகும், திரும்பிச் சேரக் கிழமைகள், சிலருக்கு மாதங்கள் பிடிக்கும். தடிமனுக்கெல்லாம் பாமசியில் கேட்டு வாங்கிக் குடிக்காதீர்கள். எழுதித் தந்த மருந்து எதையும் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கேட்டு மாற்றுங்கள்.

4. இரண்டு கிழமை எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

இந்தப் படியில் ஆட்களுக்குப் பொறுமை போய்விடும். வயிறு நோகும்போது "வழக்கம்போலச் சாப்பிடு, எழுது" என்றால் கோபம்தான் வரும். ஆனால் இப்போது எப்படி இருக்கிறது என்று தெரியாவிட்டால் பிறகு முன்னேறியதை எதோடு ஒப்பிடுவது?

எழுத வேண்டியது: நேரம், சாப்பிட்டது, அதற்குள் போட்ட வெங்காயம் உள்ளி உட்பட எல்லாம், கோப்பை அளவு, நோவு பத்துக்கு எத்தனை, பொருமல் பத்துக்கு எத்தனை, மலம் எந்த வகை. மலத்துக்கு 1997இல் வந்த பிரிஸ்டல் அட்டவணையின் ஏழு வகையைப் பாவியுங்கள். 1 ஆட்டுப்புழுக்கை மாதிரி, 4 வழுவழுவென்று ஒழுங்கானது, 7 வெறும் தண்ணீர். நித்திரை, மாதவிடாய், மனக்கஷ்டம் இருந்த நாள் என்றும் ஓரத்தில் குறியுங்கள், மூன்றும் குடலை நேரடியாகப் பாதிக்கும்.

நேரத்தை விடாமல் எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பால் குழப்பினால் பெரும்பாலும் அரை மணியிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் தெரியும். பருப்பும் வெங்காயமும் பெருங்குடலுக்குப் போய்ச் சேர்ந்துதான் வேலையைக் காட்டும், பல மணித்தியாலம் கழித்து, சிலவேளை மறுநாள். எல்லாரும் கடைசியாகச் சாப்பிட்டதையே குற்றம் சொல்வார்கள். காலைப் பொருமலுக்குக் காலைப் பிட்டு காரணம் இல்லாமல் முதல்நாள் இரவுச் சாப்பாடு காரணமாக இருக்கலாம்.

மச்சாளின் கொப்பியைச் சொல்கிறேன். அவளுக்கு இறால் ஆகாது என்று வீடே நம்பியது. எழுதிய இரண்டு கிழமையில் இரண்டு ஞாயிறும் இறால் பிரட்டல், இரண்டு ஞாயிறு இரவும் பொருமல் எட்டு. ஆனால் புதன்கிழமை இறால் போட்ட சொதிக்கு ஒன்றும் நடக்கவில்லை. பிரட்டலுக்குள் என்ன போட்டாய் என்று கேட்டேன். அரைக்கிலோ இறாலுக்கு இருபது சின்ன வெங்காயம், ஒரு முழு உள்ளி. சொதிக்கு இரண்டே வெங்காயம். இறால் பிழை செய்யவில்லை.

வாயு, கிரந்தி, சூடு என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதையும் ஒரு நிரலாகக் கொப்பியில் போடுங்கள். மாமி "வாயுச் சாப்பாடு" என்று சொல்லும் பருப்பு, கடலை எல்லாம் பற்றீரியா புளிக்கவைப்பவைதான். "கிரந்தி" என்று சொல்லும் இறால், நண்டு, சூரை போன்றவற்றில் ஒவ்வாமையும், 6ஆம் படியில் சொல்லும் ஹிஸ்டமின் நச்சும் வருகின்றன. எல்லாம் அப்படியே பொருந்தாது, நான் பார்த்தவரை கத்தரிக்காய் மேல் பழி வீணாகத்தான் விழுந்திருக்கிறது. தேடத் தொடங்க நல்ல இடம், முடிவாக எடுக்காதீர்கள்.

5. சுலபமான மாற்றங்களை முதலில் செய்து பாருங்கள், இரண்டு கிழமை

வெறும்வயிற்றில் சாயத் தேத்தண்ணி நிறுத்துவது. மிளகாய்த்தூளைப் பாதியாக்குவது, ஏனென்றால் மிளகாயின் கப்சைசின் குடலின் நோவு நரம்பை நேரே தூண்டும், அழற்சி இருக்கும் குடலில் இன்னும் கூட. இரவு எட்டுக்குப் பிறகு கொத்து ரொட்டி, ரோல்ஸ், வடை வேண்டாம். சாப்பாட்டைச் சிறிய அளவாக நாலு தடவைக்குப் பிரியுங்கள். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுக் குடியுங்கள், மழைக்காலம் முடியும்வரை இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். திரும்பத் திரும்பத் தொற்று வரும் குடல் எந்தச் சாப்பாட்டுத் திட்டத்திலும் ஆறாது.

நான் பார்த்த ஏழெட்டுப் பேரில் மூன்று பேருக்கு இதோடே வேலை முடிந்துவிட்டது. உங்களுக்கும் முடிந்தால் 7ஆம் படிக்குப் போகத் தேவையே இல்லை, அதனால்தான் இது முன்னால் வருகிறது.

6. மீனுக்குத் தனி விசாரணை

சூரை, சாளை, கும்பளா, நெத்தலி போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. பிடித்த பிறகு ஐஸில் வைக்காமல் வெயிலில் கிடந்தால் பற்றீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். ஒருமுறை உருவான ஹிஸ்டமின் பொரித்தாலும் அவித்தாலும் உறையவைத்தாலும் கருவாடாக்கினாலும் போகாது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து சூடாகும், தலையிடி, கடி, நெஞ்சு படபடப்பு, வயிற்றோட்டம். பார்த்தால் அலர்ஜி போலவே இருக்கும்.

பிரித்தறிய இரண்டு கேள்வி. அதே மீனைச் சாப்பிட்ட வேறு ஆளுக்கும் வந்ததா? அதே இன மீனை வேறு நாள் சாப்பிட்டபோது ஒன்றும் வராமல் இருந்ததா? இரண்டுக்கும் ஆம் என்றால் மீனின் பழுதைச் சந்தேகியுங்கள். உங்களுக்கு மட்டும், ஒவ்வொரு தடவையும் வந்தால் ஒவ்வாமை என்று எடுத்து டொக்டரிடம் போங்கள்.

வாங்கும்போது: கண் தெளிவாக, பூ (செவுள்) சிவப்பாக இருக்க வேண்டும், முக்கியமாக மீன் தொட்டால் குளிர வேண்டும். மீன்காரர் "தங்கச்சி, விடிய வந்த மீன்தான்" என்று சொல்வது பொய்யாக இராது. ஆனால் விடிய வந்து பதினொரு மணிவரை பலகையில் கிடந்ததா, ஐஸில் கிடந்ததா என்பதுதான் கேள்வி. நிலாவெளியில் கரைவலை இழுக்கும் இடத்தில் வாங்கினால்கூட ஒரு சின்ன ஐஸ் பெட்டியோடு போங்கள். சைக்கிள் கைப்பிடியில் பையைத் தொங்கவிட்டு வெயிலில் முக்கால் மணித்தியாலம் வந்தால் வாங்கிய நல்ல மீன் நம் கையில்தான் கெடுகிறது. நாக்கில் மிளகு கடித்தது போலச் சுணை தெரிந்தால் அந்தக் கறியை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

7. நாலு கிழமை நிறுத்தல்

இன்னும் அடங்காதவர்களுக்குத்தான் இந்தப் படி. மெல்பேர்ன் மொனாஷ் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய ஃபொட்மாப் முறையில் விரைவாகப் புளிக்கும் சர்க்கரைகளை இரண்டு முதல் ஆறு கிழமைவரை ஒன்றாக நிறுத்துவார்கள். நான் நாலு கிழமை வைத்துக்கொள்கிறேன், இரண்டில் சிலருக்குத் தெரியாது, ஆறுக்கு ஆட்கள் சலித்துவிடுகிறார்கள்.

நிறுத்த வேண்டியவை எங்கள் சமையலில் இவைதான்: வெங்காயம், உள்ளி, பாண், பணிஸ், கோதுமை மா ரொட்டியும் பிட்டும், பருப்பு வகை, கடலை, சோயாமீட், பால்மா, மாம்பழம், வத்தகப்பழம், தேன், காளான். சீனிச்சம்பல் முழுக்க வெங்காயம், அதை மறந்துவிடுவார்கள். கடைச் சூப் கட்டியிலும் சில கறித்தூள் பைக்கட்டிலும் வெங்காயத் தூள், உள்ளித் தூள் இருக்கும், பின்பக்கத்தை வாசியுங்கள்.

சாப்பிடக்கூடியவை நிறைய உண்டு, பட்டினி கிடக்காதீர்கள்: சோறு, இடியப்பம், அரிசிமாப் பிட்டு, புது மீன், கோழி, முட்டை, உருளைக்கிழங்கு, கரட், கத்தரிக்காய், வெண்டி, தக்காளி, கீரை, பப்பாளி, அன்னாசி, தோடம்பழம், அளவாகத் தேங்காய்ப்பால். வாழைப்பழம் அதிகம் கனியாததாகப் பாருங்கள், கனியக் கனியப் புளிக்கும் சர்க்கரை கூடும்.

ருசிக்கு வழி: உள்ளிப் பல்லை முழுதாக எண்ணெயில் பொன்னிறமாக வதக்கி எடுத்து எறிந்துவிட்டு அந்த எண்ணெயில் தாளியுங்கள். வெங்காயம், உள்ளி, கோதுமையில் இருந்து குழப்பம் தரும் ஃபிரக்டன் என்ற சர்க்கரை தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது, வாசம் மட்டும் இறங்கும். இதையே சொதியில் செய்ய முடியாது. சொதியில் கிடக்கும் வெங்காயத்தைப் பொறுக்கி ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுபவர்களை எத்தனையோ பேர் பார்த்துவிட்டேன், கரைய வேண்டியது தண்ணீரில் ஏற்கனவே கரைந்துவிட்டது. வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி, இஞ்சி, கறிவேப்பிலை, ரம்பை, சீரகம், மிளகு எல்லாம் தாராளமாகப் போடலாம். பெருங்காயத்தில் கோதுமை மா கலந்திருக்கிறதா என்று பாருங்கள்.

நாலு கிழமையில் கொஞ்சமும் மாற்றம் இல்லையா? அப்படியானால் உங்கள் பிரச்சினை இந்தச் சர்க்கரைகளில் இல்லை. எல்லாவற்றையும் திரும்பச் சாப்பிடத் தொடங்கி, கொப்பியோடு டொக்டரிடம் போங்கள். இன்னும் நிறுத்திப் பார்ப்பது, நான் செய்த அதே பிழை.

8. ஒவ்வொன்றாகத் திருப்பிச் சேர்த்தல்

முழு வேலையும் இங்கேதான் இருக்கிறது, இங்கேதான் ஆட்கள் நின்றுவிடுகிறார்கள். வயிறு சுகமாக இருக்க, "எதற்கு இனி வம்பு" என்று நிறுத்தியதை நிறுத்தியபடியே விடுவார்கள். நிறுத்தியபோது ஒன்பதை நிறுத்தினீர்கள், குழப்பியது அதில் ஒன்றோ இரண்டோ. மற்ற ஏழையும் காரணமில்லாமல் இழக்கக் கூடாது.

ஒரு சாப்பாட்டுக்கு மூன்று நாள், கொஞ்சம், நடுத்தரம், நிறைய. பிறகு மூன்று நாள் ஓய்வு. அந்த ஆறு நாளும் மற்றச் சாப்பாடு 7ஆம் படியில் சொன்னபடியே இருக்க வேண்டும்.

பாலோடு தொடங்குவது எனக்குப் பிடிக்கும், விடை விரைவாகத் தெரியும். கால் கோப்பை, அரைக் கோப்பை, முழுக் கோப்பை. 250 மில்லிலீட்டர் பாலில் ஏறத்தாழ 12 கிராம் பாற்சர்க்கரை உண்டு, பால்மாவென்றால் 30 கிராம் அளவு. லாக்டேஸ் குறைந்தவர்களில் பெரும்பாலானவர்கள் அந்த 12 கிராமைக்கூட ஒரே தடவையில் தாங்குவார்கள். உலகில் பெரியவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு லாக்டேஸ் குறைவுதான், ஆகவே முழுக் கோப்பை குழப்பினால் பயப்படாதீர்கள். தேத்தண்ணிக்கு ஒரு கரண்டி பால்மா ஒன்றும் செய்யாமல் போகலாம்.

பருப்பு அடுத்து, அவித்தது கால், அரை, ஒரு கோப்பை. இரவே ஊறவைத்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு அவித்தால் புளிக்கும் சர்க்கரை குறையும். வெங்காயமும் உள்ளியும் தனித்தனியாக: சின்ன வெங்காயம் ஒன்று, மூன்று, ஆறு, உள்ளி அரைப்பல், ஒன்று, இரண்டு. இரண்டையும் ஒரே கிழமை சோதித்தால் எது என்று தெரியாமல் திரும்பவும் முதலிலிருந்து வர வேண்டும். மாம்பழம் கால், அரை, ஒன்று. கறுத்தக்கொழும்பான் காலத்தில் இந்தச் சோதனை வந்தால் நல்லது.

கோதுமைக்குப் பாண் ஒரு துண்டு, இரண்டு, மூன்று. பாணுக்கு வயிறு குழம்பினால் உடனே குளூட்டன் என்று சொல்லாதீர்கள். நோர்வேயில் சீலியாக் நோய் இல்லாத, குளூட்டன் ஆகாது என்று நம்பிய 59 பேருக்கு எது எது என்று தெரியாமல் கொடுத்துப் பார்த்தார்கள், 2018இல் வெளிவந்தது. குழப்பியது ஃபிரக்டன், குளூட்டன் அல்ல. நடைமுறையில் இதன் பயன் பெரிது: ஃபிரக்டன் தான் காரணம் என்றால் ஒரு துண்டுப் பாண் ஒத்துக்கொள்ளலாம், அரை றாத்தல் மட்டும் ஆகாது.

ஒரு நாள் நோவு வந்தால் அடுத்த அளவுக்குப் போகாதீர்கள். அடங்கும்வரை பொறுத்து அடுத்த சாப்பாட்டுக்குப் போங்கள், பிறகொரு நாள் பாதி அளவில் பாருங்கள். சோதனையில் தேறிய சாப்பாட்டையும் எல்லாம் முடியும்வரை தட்டில் சேர்க்க வேண்டாம், ஏனென்றால் இந்தச் சர்க்கரைகள் ஒன்றோடு ஒன்று கூடும். தனியாகப் பருப்பும் தாங்கும், தனியாக வெங்காயமும் தாங்கும், இரண்டும் ஒரே மதியத்தில் தாங்காமல் போவது உண்டு.

கோவில் திருவிழா, கலியாண வீடு, சம்பளப் பிரச்சினை, இப்படி இருக்கும் கிழமையில் சோதனை வைக்காதீர்கள். அந்தக் கிழமை நடந்தது எதால் என்று யாராலும் சொல்ல முடியாது.

9. பற்றீரியாவைப் பட்டினி போடாதீர்கள்

புளிக்கும் சர்க்கரைதான் நல்ல பற்றீரியாவின் சாப்பாடும். நீண்ட நாள் நிறுத்தினால் பிஃபிடோ பற்றீரியா குறைகிறது. நாரைப் புளிக்கவைத்துக் குடல் பற்றீரியாக்கள் உண்டாக்கும் பியூட்டிரேட்தான் பெருங்குடற் கலங்களின் முக்கிய எரிபொருள், அழற்சியை அடக்கவும் அது உதவுகிறது. சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்து வாழ்ந்த எனக்கு ஏன் சுகம் வரவில்லை என்று இதை அறிந்தபோதுதான் விளங்கியது.

ஆகவே தேறியவற்றை ஒவ்வொரு கிழமையும் ஒன்றாகத் தட்டுக்குக் கொண்டுவாருங்கள். சிவப்பரிசி, கீரை, போஞ்சி, பிறகு பருப்பு. ஒரேயடியாக நாரைக் கூட்டினால் பொருமும், மெதுவாகக் கூட்டினால் பற்றீரியாவும் பழகும்.

மூதூர், கிண்ணியாப் பக்கத்து எருமைத் தயிர் பாலை விட நன்றாக ஒத்துக்கொள்ளும், புளிக்கும்போது பாற்சர்க்கரையில் ஒரு பங்கு உடைந்துவிடுகிறது, மீதியைச் செமிக்கவைக்கத் தயிரின் பற்றீரியாவும் உதவும். நாலு கரண்டியில் தொடங்குங்கள், பாணி வேண்டாம்.

பழஞ்சோறும் நல்லது. சோறு ஆறும்போது மாப்பொருளில் கொஞ்சம் செமிக்காத வகையாக மாறி, பெருங்குடலுக்கு நேரே போய்ச் சேரும். ஆனால் எங்கள் வெக்கையில் மூடாமல் அடுப்படியில் கிடக்கும் சோற்றில் பசிலஸ் சீரியஸ் என்ற பற்றீரியா நச்சை உண்டாக்கும், அது சூடாக்கினாலும் போகாது. குடல் இன்னும் ஆறாதவர்கள் சோற்றை விரைவாக ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறுநாள் சாப்பிடுங்கள், அதிலும் அதே மாற்றம் நடக்கும்.

புரோபயாட்டிக் மாத்திரையை (நல்ல பற்றீரியா அடங்கியது) சோதனைக் காலத்தில் தொடங்க வேண்டாம். சுகமானால் அதாலா, சாப்பாட்டாலா என்று தெரியாது.

10. ஆறு மாதத்தில் திரும்பவும் பாருங்கள்

அழற்சி ஆற ஆற விடையும் மாறும். தேறாத சாப்பாடுகளின் பட்டியலைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் திகதியோடு எழுதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே மூன்று நாள் முறையில் சோதியுங்கள். ஒவ்வாமை என்று டொக்டர் சொன்னதை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

என் கடைசிப் பக்கத்தில் பால், பாண், பருப்பு, வெங்காயம், உள்ளி என்று ஐந்து இருந்தன. முதல் ஆறு மாதத்தில் பாலும் பருப்பும் வெட்டப்பட்டன. அடுத்த ஆறில் பாண் மூன்று துண்டுவரை வந்தது. வெங்காயம் இன்னும் மூன்றுக்கு மேல் ஆகாது, உள்ளியை எண்ணெயில் வதக்கி எடுத்தே விடுகிறேன். அடுத்த சோதனைத் திகதி மாசி மாதம், மழை ஓய்ந்து கிணறு இறைத்த பிறகு.